ஏழு பெயர், ஆறு முகம்

"கதவைத் திறந்தா கொன்னுடுவேன்!"

"ஏற்கெனவே கொன்னுட்டீங்க, மிஸ்... அதைப் பத்திப் பேசத்தான் வந்திருக்கேன்."

இடுக்கி பிடித்திருந்த கொரினின் கை அப்படியே நின்றது. இருட்டறையில் சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. தட்டில் ஊறிய தாளில், தண்ணீருக்கடியில் குண்டு விடும் ஒரு டார்பிடோ படகு மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது... முதலில் மூக்கு, அப்புறம் துப்பாக்கி மேடை, அப்புறம் இரண்டு பக்கமும் பிளந்துகொண்டு எழும்பும் வெள்ளைத் தண்ணீர். இந்த நேரம் பார்த்து வெளிச்சம் உள்ளே வந்தால் அத்தனையும் கருகிப் போகும். போருக்காகக் கடற்படையில் சேர்ந்த ஒன்பது மாதத்தில் இந்தக் கதவைத் தட்டியவர்கள் ஏராளம். செத்துப் போனதாகச் சொல்லிக்கொண்டு தட்டியவன் இவன்தான் முதல் ஆள்.

"யாரு நீங்க?"

"அமாரோ ஃபுர்ட்டாடோ. டார்பிடோ ஆளு. மூணாவது துறையில நிக்கிற படகு."

"என்ன வேணும்?"

"என் முகம்."

"என்னது?"

"என் முகம் மிஸ். போன மாசம் உங்க கைக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் காணோம். திருப்பிக் குடுத்தீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

திமிரைப் பார்! கொரினுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "பத்து நிமிஷம் நில்லுங்க. கையில வேலை இருக்கு."

"வெளியில மழை கொட்டுது."

"நனைஞ்சா கரைஞ்சிடுவீங்களா?"

"மீதி இருக்கிறதையும் கரைச்சிட்டா உங்களுக்கு வேலை மிச்சம்தானே..."

வாய்! இந்தப் படகுக்காரர்களுக்கு வாய்க்கு மட்டும் குறைச்சலே கிடையாது. வேண்டுமென்றே பத்து நிமிஷத்தைப் பதினைந்தாக்கினாள் கொரின். படத்தைக் கழுவி, கொடியில் மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டு, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்ற முடிவோடுதான் தாழ்ப்பாளை விலக்கினாள்.

வாசலில் நெட்டையாக ஒருவன் நின்றான். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கருகருவென்ற கண்கள்... இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று நின்றது. கண்ணில் கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. பயம். அதைப் பார்த்ததும் அவள் கோத்து வைத்திருந்த நாலு வார்த்தையையும் விட்டுவிட்டு, மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்தாள்.

அவன் மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து, நனையாமல் நீட்டினான். டார்பிடோ படகு ஒன்று. மேல்தளத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் பையன்கள். கீழே அவர்களுடைய பெயர்கள்.

"பேரை எண்ணுங்க மிஸ்."

எண்ணினாள். ஏழு.

"இப்போ ஆளை எண்ணுங்க."

ஆறு.

நடந்தது இதுதான். பத்திரிகைக்குப் போகும் எந்தப் படத்திலும் படகின் கொடிமரத்து உச்சியில் இருக்கும் கருவி தெரியக் கூடாது. அதற்குப் பெயர் என்ன என்று அந்த விரிகுடாத் தளத்தில் இருப்பவர்களே வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்தக் கருவியை மறைப்பதுதான் கொரினின் வேலை. சின்னத் தூரிகையால் சாம்பல் நிறச் சாயம் பூசி, அங்கே வெறும் வானம் இருந்ததுபோல் ஆக்கி, பூசியதை மறுபடி ஒரு படமெடுத்து அனுப்புவாள். இந்தப் படத்தில் ஒருவன் அந்த மரத்தைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு, கீழே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மரத்தை மட்டும் அழித்தால் அவன் ஒன்றுமில்லாததைக் கட்டிக்கொண்டு அந்தரத்தில் தொங்குவான். பார்க்கவே பைத்தியக்காரத்தனமாக இருக்கும். அதனால் அவனையும் சேர்த்து அழித்துவிட்டாள். ஐந்து நிமிஷ வேலை. பெயர்ப் பட்டியல் வேறு மேசையில் அடிக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்து யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

"காரணம் சொல்ல முடியாது..." என்றாள் மெதுவாக.

"காரணம் எனக்குத் தெரியும். தினமும் அதுக்கு எண்ணெய் போடுறவனே நான்தான். எங்க அம்மாவுக்குத்தான் தெரியாது. நானும் சொல்ல முடியாது."

"அம்மா என்ன சொன்னாங்க?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டினான்.

"எங்கப்பா மீன்பிடிப் படகுல போனவரு. கடல் தாண்டி வந்து நியூ பெட்ஃபோர்டுல குடியேறின எங்க ஆளுங்க எல்லாருக்குமே அதான் பொழைப்பு. எனக்குப் பத்து வயசுல ஒரு நாள் கூரை ஒழுகி, சுவத்துல மாட்டியிருந்த கல்யாணப் படம் நனைஞ்சு போச்சு. படத்துல அப்பா முகம் மட்டும் அழிஞ்சுது. அடுத்த மாசம் போன படகு... வரல." நிமிர்ந்தான். "இப்போ பத்திரிகையில என் பேரு இருக்கு, நான் இல்ல. அம்மா கறுப்பு உடுத்திட்டாங்க மிஸ். கடைக்காரர் வீட்டுப் போன்ல கூப்பிட்டு, உயிரோட இருக்கேன்மான்னு கத்தினேன். 'இப்போ இருக்கே... அன்னைக்கு அவரும் இருந்தாரு'ன்னு சொல்லிட்டு அழுறாங்க."

"நீங்க அதை நம்புறீங்களா?"

"பகல்ல நம்புறதில்ல."

மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"நிஜப் படத்துல ஒரு பிரதி குடுங்க. அம்மாவுக்கு அனுப்பிட்டு நிம்மதியாக் கிளம்பறேன். பன்னெண்டு நாள்ல நாங்க பசிபிக் சண்டைக்குப் போறோம், அதுக்குள்ள ஊருக்குப் போக லீவு கிடையாது."

"அது முடியாதுங்க. அந்தப் படம் இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது."

"அப்போ உங்களால முடிஞ்சது அழிக்கிறது மட்டும்தான்... அப்படித்தானே?"

தொப்பியை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று மழைக்குள் போய்விட்டான். சுருக்கென்று தைத்தது கொரினுக்கு. அவன் தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா... எப்படிச் சொன்னால் என்ன, தைத்தது தைத்ததுதான்.

மறுநாள் காலை அதிகாரி லெப்டினன்ட் பிக்ஸ்லியிடம் போய்க் கேட்டாள். அவர் நல்ல மனுஷர்தான். பத்திரிகைத் துண்டைப் பார்த்து இரண்டு முறை எண்ணினார், உதட்டைப் பிதுக்கினார். "பழைய படம் கிடையாது. புதுசா ஒண்ணு எடுத்துக் குடும்மா. தனியா, நெஞ்சளவுக்கு. பின்னாடி வெறும் தண்ணி மட்டும் தெரியட்டும்" என்றார்.

கேமராவைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது துறைக்கு ஓடினாள். மழை விட்டிருந்தது. அமாரோ டார்பிடோக் குழாயின் மேல் குதிரை ஏறியதுபோல் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தான்.

"இறங்குங்க. உங்களைத் தனியா ஒரு படம் எடுக்கணும். இன்னைக்கே தபால்ல போட்டுடலாம்."

அவன் துடைப்பதை நிறுத்தினான். பக்கத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த கென்டக்கிக்காரன் கிளெட்டஸும் நிமிர்ந்தான்.

"தனிப் படமா... வேணாம் மிஸ்."

"ஏன்?"

"கிளம்ப உத்தரவு வந்தப்புறம் எங்க படகுல யாரும் தனிப் படம் எடுத்துக்கறதில்ல."

"தனிப் படத்தைப் பத்திரிகைக்காரன் ஒரே ஒரு தடவைதான் கேப்பான் மிஸ்" என்றான் கிளெட்டஸ். "அப்போ நாங்க இருக்க மாட்டோம்."

கொரின் கேமராவைக் கீழே இறக்கினாள். அவளுக்கா தெரியாது? அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? தொப்பென்று கயிற்றுக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அமாரோ பதறிப்போய்ப் படகிலிருந்து குதித்து வந்தான்.

"என்ன மிஸ்... நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"என் தம்பி பேரு ஆர்மான்" என்றாள். ஏன் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "எங்க ஊரு வூன்சாக்கெட்ல ஒரு ஸ்டூடியோவில முகத்துக்கு மெருகு போடுற வேலை பார்த்தேன். பரு, சுருக்கம் எல்லாம் எடுத்துடுவேன். ஆர்மான் ராணுவத்துக்குப் போறதுக்கு முன்னாடி நான்தான் அவன் படத்தைச் செஞ்சேன். புருவத்துக்கு மேல சின்னதா ஒரு அம்மைத் தழும்பு. அழகா இருக்கட்டுமேன்னு அதை எடுத்துட்டேன். ஆறு மாசம் கழிச்சு அதே படம்... கறுப்புக் கட்டம் போட்டுப் பத்திரிகையில வந்துது. எங்கம்மா அதைக் கையில வச்சுக்கிட்டு, 'இது யாரு? என் புள்ள தழும்பு எங்கே?'ன்னு கேட்டாங்க. இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க."

அமாரோ அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"அதுக்கப்புறம் நான் முகத்தைப் பார்க்கறதே இல்ல. படகுக்குத்தான் வேணும்னு கேட்டு இந்த வேலைக்கு வந்தேன். மரம், குழாய், எண்... அது மட்டும்தான் பார்ப்பேன். உங்களை அழிச்சப்போ அங்க ஒரு மனுஷன் இருக்கான்னு நான் நெனைக்கவே இல்ல. மன்னிச்சுடுங்க."

அவன் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு, "தனிப் படம்தானே கூடாது... பக்கத்துல நீங்க நில்லுங்க. அப்போ அது தனிப் படம் இல்லையே!" என்றான்.

"நான் நின்னா யாரு எடுக்கறது?"

"உலகத்துல வேற யாருக்கும் விரல் கிடையாதா?"

விரல் இருந்தது. ஸ்டூடியோவிலும் இப்போது தளத்திலும் கூட வேலை பார்க்கும் வெர்னாவின் விரல். அவளுக்குப் படமெடுப்பதைவிட ஆட்களை அதட்டி நிறுத்துவதில்தான் ஆசை. "ஐயா நெட்டைக்கொக்கு, நீ அந்தப் பெட்டி மேல உக்காரு! இல்லேன்னா அவ உன் முழங்கை உயரத்துக்குத்தான் வருவா. கொரின், நீ அவனுக்கு இடது பக்கம் நில்லு. கையை ஏன் தொங்கப் போட்டிருக்கே? அவன் தோள் மேல வை. கடிச்சிட மாட்டான்!"

கொரின் தயங்கித் தயங்கிக் கையை வைத்தாள். நீலச் சட்டையின் முரட்டுத் துணிக்கு அடியில் அவன் தோள் வெதுவெதுப்பாக இருந்தது. அவன் ஒரு கணம் மூச்சை நிறுத்தியதுபோல் அவளுக்குப் பட்டது... ஏதோ சொல்ல வாயெடுத்தான், மூடிக்கொண்டான். வெர்னா பொத்தானை அழுத்திவிட்டாள்.

அன்று மாலையே, பின்னால் இருவர் பெயரும் எழுதிய படம் நியூ பெட்ஃபோர்டுக்குப் போனது.

அதற்கப்புறம் ஒரு வாரம்... அந்த ஒரு வாரத்தை என்னவென்று சொல்வது! மாலை ஐந்து மணியானால் இருட்டறைக் கதவு தட்டப்படும். "இன்னைக்கு நான் இருக்கேனா, பாத்துச் சொல்லு" என்று வெளியிலிருந்து குரல் வரும். 'மிஸ்' எப்போது போனது, 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்குமே நினைவில்லை. "பாதிதான் இருக்கே, மீதியை நாளைக்குக் கழுவறேன்" என்பாள் அவள். சாப்பாட்டுக் கூடத்தில் காபி கலந்த பால் கோப்பைகளை எதிரெதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவன் அவர்கள் தெருப் பெண்கள் வேலிக்கு வேலி சண்டை போடுவதை நடித்துக் காட்டுவான். அவள் சிரித்துச் சிரித்துப் பால் மூக்கில் ஏறும். வெர்னா பக்கத்து மேசையிலிருந்து, "அடியே, முகத்தையே பார்க்க மாட்டேன்னியே... இப்போ என்ன, டார்பிடோக் குழாயையா பார்த்துக்கிட்டிருக்கே?" என்று கேட்டு மானத்தை வாங்குவாள்.

ஒரு நாள் ஓட்டச் சோதனைக்குப் படமெடுக்க அவன் படகிலேயே அவளை ஏற்றினார்கள். விரிகுடாவைத் தாண்டியதும் மூன்று எஞ்சினும் ஒன்றாக உறுமின. படகு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்தது. கொரின் இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்திருந்தாள். அவள் விழுந்துவிடாமல் இடுப்பு வாரைப் பின்னாலிருந்து அமாரோ பிடித்திருந்தான். முகத்தில் உப்புத் தண்ணீர் அறைந்தது. பயத்தில் அலறினாளா, சந்தோஷத்தில் அலறினாளா... தெரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். அவன் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். ஐயோ, அந்தக் கண்கள்... சிரிக்கக்கூட இல்லை, அப்படியே பார்த்தான். அன்று எடுத்த பன்னிரண்டு படத்தில் ஒன்பது ஆடிப் போயிருந்தன. படகு ஆடியதால் என்று பிக்ஸ்லியிடம் சொன்னாள்.

ஆனால் படுக்கையில் விழுந்ததும் விரல் விட்டு எண்ணினாள். இன்னும் நாலு நாள்... இவன் போய்விடுவான். இன்னொரு பெயர், இன்னொரு கறுப்புக் கட்டம். வேண்டாம் கொரின், போதும், இதோடு நிறுத்திக்கொள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் ஒரு பார்சல் வந்தது. அவள் பெயருக்கு.

பிரித்ததும் இனிப்பு ரொட்டியின் வாசனை அறையை நிறைத்தது. ரொட்டிக்கு அடியில் வெள்ளைத் தலையணை உறை இரண்டு. ஓரத்தில் நீல நூலால் பூ வேலை. ஒன்றில் அமாரோவின் முதல் எழுத்து, ஒன்றில் கொரினின் முதல் எழுத்து. கூடவே ஒரு கடிதம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி இங்கிலீஷில் எழுத வைத்திருந்தாள் அமாரோவின் அம்மா.

'மகளே, படம் வந்தது. என் பிள்ளையின் முகத்தையும் அவன் தோளில் உன் கையையும் பார்த்தேன். கறுப்பைக் கழற்றிவிட்டேன். நிச்சயமான பெண் இருக்கிறவன் கட்டாயம் திரும்பி வருவான். தெருவில் எல்லாருக்கும் காட்டினேன். மீதி உறைகளைத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.'

வெர்னா எட்டிப் பார்த்து, "நிச்சயமா? எப்போடி?" என்றாள்.

கொரின் உறைகளை அள்ளிக்கொண்டு துறைக்குப் போனாள். போன வேகத்தைப் பார்த்த கிளெட்டஸ், பாவம், தானாகவே எழுந்து படகின் அந்தப் பக்கம் போய்விட்டான்.

"இது என்ன?"

அமாரோ பார்த்தான். காது வரைக்கும் சிவந்தான். "எங்க ஆளுங்க வழக்கம்..." என்று தொடங்கினான். "ஆம்பள உக்காந்து, பொண்ணு இடது பக்கம் நின்னு, தோள்ல கை வச்சு எடுத்துக்கிட்டா... அது நிச்சயப் படம். எல்லா வீட்டுச் சுவத்துலயும் அப்படி ஒண்ணு இருக்கும்."

"உனக்குத் தெரியுமா இது? அன்னைக்கே?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே கம்முன்னு உக்காந்திருந்தியா?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கையை எடுத்திருப்பே."

அவள் அங்கேயே அழுதிருப்பாள். அழுதிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் அதற்கு முன்னால் பயம் முந்திக்கொண்டது. பயம் கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது.

"என்னைக் கேக்காம என்னை எவன் வீட்டுச் சுவத்துலயோ மாட்டிட்டே! தெருவே பார்க்குது! நாளைக்கு உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்கம்மாவுக்கு எழுதிடு. உண்மையை எழுது. நமக்குள்ள ஒண்ணும் கிடையாதுன்னு."

"ஒண்ணும் கிடையாதா கொரின்?"

"கிடையாது."

அவன் முகம் இறுகியது. உறைகளை அவள் கையிலிருந்து வாங்கி, கசங்காமல் மடித்தான். "சரி. எழுதிடறேன். யாரோட கையையும் நான் பிடுங்கி வச்சுக்கல. கெஞ்சவும் மாட்டேன்" என்றான். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டான்.

அன்று ஐந்து மணிக்குக் கதவு தட்டப்படவில்லை. அடுத்த நாளும் இல்லை. கொரின் நேரம் போகாமல் தூரிகைகளைக் கழுவினாள், கழுவியதையே மறுபடி கழுவினாள். பார்க்காமல் இருந்துவிட்டால் வலிக்காது என்றுதானே ஒன்றரை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்? இதோ, இரண்டு நாளாகப் பார்க்கவில்லை. வலி எங்கே போனது? உள்ளேயேதான் உட்கார்ந்திருந்தது. இந்த வலிக்கு அவன் கப்பல் ஏற வேண்டும் என்றுகூட இல்லை, அவள் வேண்டாமென்று சொன்னதே போதுமாக இருந்தது. அவன் போன பிறகும் இப்படித்தான் வலிக்கப் போகிறது. நமக்குள் ஒன்றும் கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டதால் ஒரு துளிகூடக் குறையப் போவதில்லை. அப்புறம் எதற்காக அந்தப் பொய்?

மூன்றாம் நாள் காலை பிக்ஸ்லி ஒரு சீட்டை நீட்டினார். 'மூன்றாவது துறை. ஒன்பது மணி. புறப்பாடு. ஆறு படங்கள்.'

மணி எட்டு நாற்பது. கேமராவை வெர்னாவின் கையில் திணித்தாள்.

"எனக்கா? நீ எங்கடி போறே?"

"நானும் அங்கதான்!"

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மரப் பலகைகள் வழுக்கின. படகின் எஞ்சின்கள் ஏற்கெனவே முனகிக்கொண்டிருந்தன. மூக்குப் பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான் அமாரோ. கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க ஓடி வந்து நின்றவளைப் படகே திரும்பிப் பார்த்தது.

"அந்தக் கடுதாசி... உங்கம்மாவுக்கு எழுதச் சொன்னேனே... அதைப் போடாதே!"

அமாரோவின் முகம் மாறவில்லை. "போட்டுட்டேன். நேத்துக் காலையில."

"என்ன எழுதினே?"

"நீ சொன்னதைத்தான். அவ நல்ல பொண்ணு, நமக்காகப் பரிதாபப்பட்டு நின்னா, எங்களுக்குள்ள ஒண்ணும் கிடையாதுன்னு."

"அது பொய்."

கயிறு சுற்றுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்த கிளெட்டஸ் அதையும் விட்டுவிட்டான்.

"எங்கம்மா மறுபடியும் கறுப்பு உடுத்திடுவாங்களேன்னு பாவம் பார்க்கறியா?" என்றான் அமாரோ. "அந்தப் பாவம் எனக்கு வேணாம் கொரின்."

"பாவமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!" அவளுக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. துடைக்கவில்லை. "எனக்குப் பயம். அன்னைக்கும் பயம், இப்பவும் பயம். நீ போற இடத்தைப் பத்தி வர்ற படத்தையெல்லாம் நான்தான் கழுவறேன், எனக்குத் தெரியாதா? ஆனா உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு அமாரோ. ரொம்பப் பிடிச்சிருக்கு. நீ கதவைத் தட்டாத ரெண்டு நாளும் நான் மனுஷியாவே இல்ல. தோள்ல வச்ச கையை நான் எடுக்கல. இப்பவும் எடுக்கல. போதுமா?"

அவன் கயிற்றைப் பிடித்தபடியே நின்றான்.

"அன்னைக்குக் கதவு திறந்தப்பவே..." என்றான். "என் முகத்தைக் கேக்கத்தான் வந்தேன். உன்னைப் பார்த்ததும் எதுக்கு வந்தோம்னே மறந்துபோச்சு. மழைல நடந்து போகும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. உன்னை விட்டுட்டுப் போறதுதான்டி எனக்குப் பசிபிக்கைவிடப் பயமா இருக்கு."

"ஃபுர்ட்டாடோ!" என்று கேப்டன் மேலிருந்து கூப்பிட்டார். அதட்டலாகத் தொடங்கிய குரல், பாதியில் இளகியது. "ஒரு நிமிஷம். அதுக்கு மேல முடியாதுப்பா."

"கடுதாசி இன்னைக்குப் போய்ச் சேந்துடும்" என்றான் அமாரோ. "என்ன செய்யறது?"

"நான் போறேன். ஞாயித்துக்கிழமை பஸ் பிடிச்சு நானே போய்ச் சொல்றேன். உங்க பையன் எழுதினது பொய், எழுதச் சொன்னவ நான்தான்னு சொல்றேன்."

"எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் சரியா வராது."

"எனக்கு எங்க வீட்டுப் பிரெஞ்சு இருக்கு, அவங்களுக்கு அவங்க பாஷை இருக்கு. அழுறதுக்கும் ரொட்டி சுடுறதுக்கும் அது போதும். அந்தத் தலையணை உறையைக் குடு, நானே கொண்டுபோறேன்."

அவன் சட்டைக்குள் கைவிட்டான். நெஞ்சோடு வைத்திருந்தான், மடித்தது மடித்தபடி. எட்டி நீட்டினான். விரல்கள் தொட்டுக்கொண்டன. பின்பக்கக் கயிற்றை அதற்குள் அவிழ்த்துவிட்டிருந்தார்கள். படகு மெல்லத் துறையை விட்டு நகரத் தொடங்கியது. ஒரு முழம் தண்ணீர், இரண்டு முழம் தண்ணீர்...

"கொரின்!" அவன் எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினான். "நான் திரும்பி வரலேன்னா?"

வெர்னா பொத்தானை அழுத்தாமல் நின்றாள். கிளெட்டஸ் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"அப்பவும் போவேன்!" என்று கத்தினாள் கொரின். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்கம்மாகிட்டப் போவேன்! நீ வந்தாலும் போவேன், வரலேன்னாலும் போவேன்! போயிட்டு வா!"

அவன் கண்களைத் துடைத்துக்கொண்டு, கடைசிக் கயிற்றைத் தானே அவிழ்த்தான். படகு திரும்பி, மூக்கைத் தெற்கே நீட்டி, விரிகுடாவின் வாயை நோக்கிப் போனது. அது தூறலுக்குள் மறையும்வரைக்கும் கொரின் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நியூ பெட்ஃபோர்டுக்கு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதற்காக வாசல் பக்கம் நடந்தாள்.